டிஸ்னிசீயில் ஒரே ஒரு நாள்: அம்மாவையும் கூட்டிட்டுப் போகலாமா?

பொள்ளாச்சி தேவி | திங்கள், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கமுங்க. நவம்பர் கடைசி வாரம் ஜப்பான் போறோம். நான், வீட்டுக்காரர், ஏழு வயசுப் பொண்ணு, எங்கம்மா. எட்டு நாள் பயணத்துல ஒரு நாளை டோக்கியோ டிஸ்னிசீங்கற தீம் பார்க்குக்குன்னு ஒதுக்கியிருக்கோம். பக்கத்துலயே டிஸ்னிலேண்டும் இருக்குது, ஆனா ஃப்ரோசன் படத்துல வர்ற எல்சா இருக்கறது சீயிலதான்னு பொண்ணு எங்கயோ பார்த்து வெச்சிருக்கா. அதுல மாத்தமில்லை.

என் கேள்வி அம்மாவைப் பத்தி. வயசு 66. வலது முழங்கால்ல தேய்மானம். சமதரைன்னா அரை மணி நேரம் நடப்பாங்க, அப்புறம் கொஞ்சம் உட்காரணும். சுத்த சைவம், முட்டைகூட ஆகாது. "அத்தை அன்னிக்கு மட்டும் ரூம்லயே இருக்கட்டும், அவங்களை எதுக்கு நடக்க வெச்சுச் சிரமப்படுத்தணும்"னு வீட்டுக்காரர் சொல்றார். அக்கறையாத்தான் சொல்றார். அம்மாவைக் கேட்டா, "குழந்தைக ஆடற எடத்துல எனக்கென்ன சாமி வேலை, நீங்க போய்ட்டு வாங்க"ங்கறாங்க.

எனக்குத்தான் மனசு ஒப்பல. அப்பா தவறி ரெண்டு வருசம் ஆச்சு. அதுக்கப்புறம் அம்மா எங்கயும் வெளியூர் வரல, இதுதான் முதல் பயணம். மொழி தெரியாத ஊர்ல, சின்ன ரூம்ல, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் அவங்களைத் தனியா விட்டுட்டு நாங்க மூணு பேரும் போறதா? கூட்டிட்டுப் போனா அவங்களுக்கு அங்க பார்க்க ஏதாச்சும் இருக்குமா, இல்ல நாங்க ரைடு முடிச்சு வர்ற வரைக்கும் பெஞ்சுல காத்துட்டே இருக்கணுமா? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

ரைடு ராஜா | திங்கள், இரவு 10:05

அக்கா, நான் மூணு தடவை போயிருக்கேன். மறைக்காம சொல்லிடறேன், ஒரே நாள்தான்னா அம்மாவை விட்டுட்டுப் போறதுதான் நல்லது.

திறக்கிற நேரம் 9 மணின்னு போட்டிருந்தாலும் பல நாள் அதுக்கு முன்னாடியே திறந்துடுவாங்க. ஏழரைக்கெல்லாம் வாசல்ல கூட்டம் நிக்கும். உள்ள காலை வெச்சதும் போன்ல டிஸ்னி ஆப்ல பிரீமியர் ஆக்சஸ் வாங்கணும். அது காசு கட்டி வரிசையைத் தாண்டற பாஸ், ரைடைப் பொறுத்து ஆளுக்கு 1,500-லருந்து 2,500 யென். பார்க்குக்குள்ள நுழைஞ்ச பிறகுதான் வாங்க முடியும், முந்தின ராத்திரி ரூம்ல உட்கார்ந்து வாங்க முடியாது. எல்சா இருக்கிற ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் பகுதி 2024 ஜூன் 6 அன்னிக்குத் திறந்தது. இன்னிக்கும் கூட்டம் அங்கதான் முதல்ல ஓடும். அது வாசல்லருந்து கடைசிக் கோடி, வேகமா நடந்தாலே பத்துப் பன்னெண்டு நிமிசம். முழங்கால் வலி இருக்கிறவங்களோட அந்த வேகத்துல போக முடியாது.

பொண்ணோட உயரத்தை இப்பவே அளந்து வெச்சுக்கோங்க. டவர் ஆஃப் டெரர், சோரிங், பீட்டர் பான் மூணுக்கும் 102 செ.மீ. போதும். பூமியின் மையத்துக்குப் போற ரைடு, இண்டியானா ஜோன்ஸ், ரேஜிங் ஸ்பிரிட்ஸ் மூணுக்கும் 117 செ.மீ. வேணும். வாசல்லயே அளப்பாங்க, ஒரு சென்டிமீட்டர் குறைஞ்சாலும் விடமாட்டாங்க.

பெரியவங்க டிக்கெட் நாளைப் பொறுத்து 7,900-லருந்து 10,900 யென் வரைக்கும் போகுது. ரைடு எதுவும் ஏறாதவங்களுக்கு அவ்வளவு பணம் கொடுத்து உள்ள கூட்டிட்டுப் போய் பெஞ்சுல உட்கார வெக்கிறது அவங்களுக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

நிஷிகசாய் குமரன் | செவ்வாய், காலை 6:40

தம்பி சொன்ன உயரக் கணக்கும் காசுக் கணக்கும் சரி. ஆனால் முடிவு சரியில்லை என்று நினைக்கிறேன். நான் டோக்கியோவில் பதினாறு வருடமாக இருக்கிறேன். வீடு நிஷிகசாய், நம் ஊர் ஐ.டி. ஆட்கள் நிறையப் பேர் குடியிருக்கிற பகுதி. டிஸ்னிசீ எங்களுக்குப் பக்கத்து ஊர். ஊரிலிருந்து யார் வந்தாலும் நான்தான் கூட்டிப் போவேன். இதுவரை என் அப்பா, மாமியார், நண்பர்களின் பெற்றோர் என்று அறுபது தாண்டியவர்கள் ஏழெட்டுப் பேரை அழைத்துப் போயிருக்கிறேன்.

தேவி, முதலில் ஒன்று. டிஸ்னிசீயைப் பல ரைடுகளைக் கொண்டுவந்து அடுக்கிவைத்த மைதானமாக நினைக்காதீர்கள். அது ஒரு துறைமுக ஊர். சுழலும் பெரிய பூமி உருண்டை நீரூற்றைத் தாண்டி ஒரு ஓட்டல் கட்டடத்துக்குக் கீழே வளைவுக்குள் நுழைவீர்கள். மறுபக்கம் வெளியே வந்ததும் கண்ணெதிரே தண்ணீர், அதற்குப் பின்னால் எரிமலை. அங்கிருந்து ஒவ்வொரு துறையாகச் சுற்றி வரலாம். 2001 செப்டம்பர் 4-ல் திறந்தபோது ஏழு துறைகள், ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் எட்டாவது. இத்தாலியக் கரை, பழைய நியூயார்க் துறைமுகமும் அதில் கட்டிநிற்கிற கப்பலும், அரபுக் கடற்கரை என்று ஒவ்வொன்றும் கல், மரம், துருப்பிடித்த இரும்பு வரைக்கும் பார்த்துப் பார்த்துச் செய்தவை. சுவரைத் தடவிப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றவர் என் அப்பா. அவர் கொத்தனார் வேலை மேஸ்திரியாக இருந்தவர். பூச்சு வேலையில் ஈரம் ஏறிய கறையைக்கூட வண்ணத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று எனக்குக் காட்டிக்கொடுத்ததே அவர்தான்.

உட்கார்ந்துகொண்டே சுற்றுவதற்கும் வழி இருக்கிறது. அந்த இத்தாலியக் கரை இருக்கிற மெடிட்டரேனியன் துறையில் நீராவிப் படகு மாதிரி ஒன்று வரும். அதில் ஏறினால் லாஸ்ட் ரிவர் டெல்டா என்ற துறையில் இறக்கிவிடும். அங்கிருந்து ஃபேன்டசி ஸ்பிரிங்ஸ் வாசலும் அரபுக் கரையும் நாலு எட்டுதான். ராஜா சொன்ன பன்னிரண்டு நிமிட நடை அம்மாவுக்குத் தேவையே இல்லை. நியூயார்க் துறைமுகம் இருக்கிற அமெரிக்கத் துறையிலிருந்து போர்ட் டிஸ்கவரி என்ற துறைக்கு ஒரு சின்ன ரயில் ஓடுகிறது. துறைமுகத்தில் காட்சி நடக்கும் நேரத்தில் மட்டும் படகு நிற்கும், ஆப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். வாசலில் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். "வேண்டாம்" என்று சொன்னாலும் எடுத்து வையுங்கள்.

போகிற வழியில்தான் பலரும் முதலில் களைத்துப்போகிறார்கள். டோக்கியோ ஸ்டேஷனில் டிஸ்னி பக்கம் போகிற கெய்யோ லைன் ரயிலின் பிளாட்பாரம் மற்ற பிளாட்பாரங்களை விட்டு வெகுதூரம் தள்ளி இருக்கிறது. நகரும் நடைபாதை இருந்தும் பத்து நிமிடத்துக்கு மேல் நடக்கணும். ரயிலில் ஏறினால் கால் மணி நேரத்தில் மாய்ஹாமா, அதுதான் டிஸ்னிக்கு இறங்குகிற ஸ்டேஷன். எங்கள் பக்கம் தங்கினால் அந்த நடை கிடையாது. கசாய் ஸ்டேஷனிலிருந்து நேராக டிஸ்னிக்கே பஸ் இருக்கிறது.

அம்மாவுக்கு என்று ஒரே ஒரு ரைடு சொல்லச் சொன்னால் சிந்துபாத். அரபுக் கரையில் இருக்கிறது. படகில் உட்கார்ந்து பத்து நிமிடம், குலுக்கல் இல்லை, சரிவு இல்லை. நூற்றுக்கும் மேலே அசையும் பொம்மைகள். பாட்டு ஜப்பானிய மொழி, ஆனால் கதை கண்ணாலேயே புரியும். மற்ற இடத்தில் இரண்டு மணி நேர வரிசை நிற்கும்போதுகூட இங்கே பத்து நிமிடத்தில் ஏறிவிடலாம்.

ரைடு ராஜா | செவ்வாய், காலை 8:15

குமரன் அண்ணா, நீங்க பக்கத்துலயே இருக்கீங்க, நினைச்சப்போ போவீங்க. அக்கா பொள்ளாச்சியிலருந்து வாழ்நாள்ல ஒரு தடவை வர்றாங்க. அந்தப் பொண்ணு திரும்ப எப்ப வரும்? சுவரைத் தடவிப் பார்க்கிறதுக்கா இவ்வளவு தூரம்? சிந்துபாத்ல கூட்டம் இல்லேன்னா அதுக்குக் காரணமும் இருக்கும்ல. குழந்தை கேட்கிறதை முதல்ல முடிச்சுக் கொடுங்க, அதுதான் நான் சொல்றது.

ஈழத்துப் பறவை | செவ்வாய், மதியம் 1:30

வணக்கம். நாங்கள் லண்டனில இருந்து போன வருசம் போனனாங்கள். அப்பாவுக்கு 71. நானும் முதல்ல ராஜா மாதிரித்தான் யோசிச்சன். பிறகு கூட்டிக்கொண்டு போனம். அவர் பெரிய ரைடு ஒண்டும் ஏறேல்ல. துறைமுகக் கரையில ஒரு வாங்கில இருந்து அந்த நீராவிப் படகுகள் போய்வாறதைப் பாத்துக்கொண்டே இருந்தார். அவர் காங்கேசன்துறைப் பக்கம் பிறந்து வளந்தவர். கனகாலத்துக்குப் பிறகு அவருக்குப் பிடிச்சமாதிரி ஒரு கரையில நிம்மதியா இருந்ததை நான் அண்டைக்குத்தான் கண்டன்.

சிந்துபாத்துக்குக் கட்டாயம் போங்கோ அக்கா. அந்தப் பழைய அராபியக் கதையில சிந்துபாத் தன்ர ஆறாவது பயணத்தில கரை ஒதுங்கிற செரண்டிப் எண்ட தீவு எங்கட இலங்கைதான். அப்பா அதைப் பேரப்பிள்ளையளுக்குச் சொல்லச் சொல்ல, அவங்கள் படகை விட்டு இறங்க மாட்டம் எண்டிட்டாங்கள்.

ராஜா தம்பி, கூட்டம் இல்லாததுக்குக் காரணம் அது மோசம் எண்டதில்ல. அதில வேகம் இல்ல, அவ்வளவுதான். திறந்தபோது கொஞ்சம் இருட்டான கதையா இருந்ததாம். 2007-ல மாத்தி, சந்து எண்ட புலிக்குட்டியைச் சேத்து, ஆலன் மென்கனிட்ட பாட்டு வாங்கிப் புதுசா செய்தவை. இப்ப அந்தப் புலிக்குட்டியை ஒவ்வொரு காட்சியிலயும் தேடிப் பிடிக்கிறதே பிள்ளையளுக்கு ஒரு விளையாட்டு.

பொள்ளாச்சி தேவி | செவ்வாய், இரவு 8:50

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. குமரன் அண்ணா சிந்துபாத்னு எழுதினதைப் படிச்சதும் அம்மாகிட்ட சொன்னேன். அரிசி களைஞ்சிட்டு இருந்தவங்க கையை நிறுத்திட்டு, "கன்னித்தீவு சிந்துபாத்தா?"ன்னு கேட்டாங்க பாருங்க!

எனக்கு இது தெரியவே தெரியாது. எங்க தாத்தாவுக்குக் காலையில தினத்தந்தி வாங்கிட்டு வர்றது அம்மா வேலையாம். டீக்கடையில வாங்கி, வீட்டுக்கு வர்ற வழியிலயே கன்னித்தீவைப் படிச்சு முடிச்சிடுவாங்களாம். அது 1960-லருந்து வர்ற படக்கதை. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரிஞ்சதே அதுலதானாம். சிந்துபாத், உள்ளங்கை அளவுக்குச் சுருங்கிப் போன லைலா, மந்திரவாதின்னு அரை மணி நேரம் சொன்னாங்க. "நாளைக்கு என்ன ஆகும்னு நெனச்சுட்டே பள்ளிக்கூடத்துல உட்கார்ந்திருப்பேன்"னாங்க. அம்மா முகத்துல இப்படி ஒரு களையைப் பார்த்து எத்தனை நாளாச்சு.

வீட்டுக்காரரும் கேட்டுட்டுத்தான் இருந்தார். "நாலு டிக்கெட்டாவே போட்டுடு"ன்னுட்டார். போட்டாச்சு, ஒரு புதன்கிழமைக்கு.

இப்ப ரெண்டு சந்தேகம். சாப்பாடு என்ன பண்றது? இன்னொண்ணு, அம்மாவுக்கு நிலநடுக்கம்னா பயம். கடலை ஒட்டி இருக்கற எடம்ங்கறீங்க, அங்க இருக்கறப்ப வந்துட்டா?

மயிலை சைவம் | செவ்வாய், இரவு 11:20

சாப்பாட்டுக்கு நான் சொல்றேன் மா. நானும் முட்டை சேர்க்காதவள்.

உள்ளே கிடைக்கும்னு நம்பிப் போகாதீங்கோ. அரபுக் கரையில காஸ்பா ஃபுட் கோர்ட்னு ஒண்ணு இருக்கு, நான் ரொட்டியும் குழம்பும் தருவா. பார்த்தா நம்மூர் மாதிரி இருக்கும், ஆனா குழம்புல என்ன சேர்ந்திருக்குன்னு விசாரிக்காம வாயில வைக்க முடியாது. அலர்ஜிப் பட்டியல் ஆப்ல இருக்கு. அதுல பால், முட்டை, கோதுமை எல்லாம் தெரியும். ஆனா ஜப்பான்ல சைவத்துக்குப் பெரிய இடைஞ்சலே தாஷி. கத்சுவோங்கற மீனைக் காயவெச்சுச் சீவி எடுக்கற சாறு. அந்த மீன் அலர்ஜிப் பட்டியல்ல வராது. அதனால பட்டியலைப் பார்த்து மட்டும் "சைவம்"னு முடிவு பண்ண முடியாது.

நாங்க பண்ணினது இது. வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோய்ச் சாப்பிட விடமாட்டா. ஆனா வாசலுக்கு வெளியிலயே பிக்னிக் இடம்னு மேஜை நாற்காலி போட்டு வெச்சிருக்கா. வெளியே வரும்போது கையில ஒரு முத்திரை வாங்கிண்டா திரும்ப உள்ளே போகலாம். சமையலறை இருக்கற வாடகை வீடு எடுங்கோ. ஜப்பான் அரிசி குழைவா ஒட்டிண்டு வரும், தயிர்சாதத்துக்கு அதைவிட நல்ல அரிசி கிடையாது. சூப்பர் மார்க்கெட்ல சர்க்கரை போடாத தயிர் கிடைக்கும். கூடப் பாலையும் விட்டுப் பிசைஞ்சு காலையில டப்பாவுல கட்டிக்கோங்கோ, மத்தியானம் வரைக்கும் புளிக்காது. தாளிக்க வேண்டிய கடுகும் பெருங்காயமும் நிஷிகசாய் இந்தியக் கடையில கிடைக்கும்.

நிஷிகசாய் குமரன் | புதன், காலை 7:05

நிலநடுக்கத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். வரலாம். ஜப்பானில் எங்கே இருந்தாலும் வரலாம். ஆனால் அங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன், அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள்.

2011 மார்ச் 11, மதியம் 2:46, பெரிய நிலநடுக்கம். இரண்டு பார்க்கிலும் சேர்த்து ஏறக்குறைய 70,000 பேர் இருந்தார்கள். நான் அப்போது நண்பர்களிடம் கேட்டது, பிறகு இங்கே பலரும் சொல்லிக்கொண்டே இருப்பது, அந்தப் பொம்மைகளைப் பற்றி. கடையில் விற்பனைக்கு அடுக்கியிருந்த துணிப் பொம்மைகளை ஊழியர்கள் எடுத்துக் கொடுத்து, "தலைக்கு மேலே பிடித்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். பெரும்பாலும் பகுதிநேர ஊழியர்கள். மேலிடத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ரயில்கள் நின்றுபோனதால் 20,000 பேர் அளவில் இரவு அங்கேயே தங்கினார்கள். குளிருக்கு அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் பை, கடையிலிருந்த தின்பண்டம் எல்லாம் கொடுத்தார்கள். வருடம் முழுக்கப் பயிற்சி எடுக்கிறவர்கள், அதுதான் அன்றைக்குக் கைகொடுத்தது.

அந்த ஊர் பெயர் உராயாசு. பார்க்கின் பெயரில்தான் டோக்கியோ, உண்மையில் அது இருப்பது சிபா மாநிலம். ஊரில் முக்கால் பங்கு கடலைத் தூர்த்து எடுத்த நிலம். அன்றைக்கு ஊருக்குள் மண் தண்ணீராகக் குழைந்து வீடுகள் சாய்ந்தன, சாக்கடைத் தொட்டிகள் தரைக்கு மேலே எழும்பி நின்றன. பார்க்குக்குள் பெரிய சேதம் இல்லை. கட்டும்போதே தரைக்குள் மணல் தூண்களை இறக்கி நிலத்தை இறுக்கியிருந்தார்கள். அப்படி இறுக்காத வண்டி நிறுத்துமிடத்தில் மண் பொங்கியது. டிஸ்னிலேண்ட் ஏப்ரல் 15-ல் திரும்பத் திறந்தது, 1983-ல் முதன்முதலாகத் திறந்த அதே தேதி. சீ ஏப்ரல் 28-ல்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அந்த நிலம் ஒரு காலத்தில் மீனவர்களின் கடல். உராயாசுக்காரர்கள் சிப்பி அள்ளியும் நோரி என்கிற கடல்பாசி வளர்த்தும் பிழைத்தவர்கள். 1958-ல் ஒரு காகித ஆலைக் கழிவு ஆற்றில் கலந்து கடலுக்கு வந்தபோது ஆலைக்குள்ளேயே போய்ச் சண்டை போட்டார்கள். கடல் தேறவில்லை. 1971-ல் மீன்பிடி உரிமையை முழுக்க விட்டுக்கொடுத்தார்கள். அப்படித் தூர்த்த நிலத்தின் ஒரு பகுதியில்தான் டிஸ்னி நிற்கிறது. ஊர் அருங்காட்சியகத்தில் அந்தப் பழைய மீனவர் தெருவை வீடு வீடாக அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். டிஸ்னிக்கு வருகிற நம் ஆட்கள் அதையும் ஒரு அரை நாள் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

காசிமேடு சேகர் | புதன், காலை 10:40

குமரன் சார், இந்த இழையை டிஸ்னி பத்தித் தெரிஞ்சுக்கத்தான் திறந்தேன். கடைசிப் பத்தியைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். எங்க அப்பாவும் வலை இழுத்தவரு. கழிவுத் தண்ணி வந்து மீன் செத்து மிதந்தா கரையில என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். அந்த அருங்காட்சியகத்துக்கு எப்படிப் போறதுன்னு தனியா எழுதுங்க சார்.

நிஷிகசாய் குமரன் | புதன், இரவு 9:00

கண்டிப்பாக, சேகர். தோசாய் லைனில் உராயாசு ஸ்டேஷனில் இறங்கி பஸ். மாய்ஹாமா ஸ்டேஷன் 1988-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் டிஸ்னிக்குப் போகிறவர்களும் அந்த உராயாசு ஸ்டேஷனில் இறங்கித்தான் பஸ் பிடித்தார்கள். விவரமாகத் தனி இழை போடுகிறேன்.

பொள்ளாச்சி தேவி | டிசம்பர் முதல் ஞாயிறு, மாலை 5:30

வந்துட்டோமுங்க. சொன்னபடி எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும்.

எட்டு இருபதுக்கு வாசல்ல நின்னோம். சக்கர நாற்காலியைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கோவம், "நான் நடக்க மாட்டேன்னு எப்ப சொன்னேன்?"ன்னாங்க. சரி, பைகளை வெக்கலாம்னு சொல்லி எடுத்துக்கிட்டோம். வளைவுக்குள்ள நுழைஞ்சு வெளிய வந்ததும் குமரன் அண்ணா சொன்ன மாதிரியே தண்ணி. காலை வெயில் அது மேல பட்டு மின்னுது. சுத்தி எல்லாரும் ஓடறாங்க. நாங்க நாலு பேரும் நின்னுட்டோம். அந்த நேரம் பார்த்து எரிமலை ஒரு உறுமு உறுமி நெருப்பைக் கக்குச்சு. அம்மா சட்டுனு பொண்ணை இழுத்து முந்தானைக்குள்ள அணைச்சுக்கிட்டாங்க.

வீட்டுக்காரர் அங்கயே நின்னு ஆப்ல எல்சா ரைடுக்கு ரெண்டு பாஸ் வாங்கினார். முதல் கார்டு ஏறல, ரெண்டாவது கார்டு ஏறிச்சு. பத்தே முக்கால் நேரம் கிடைச்சது. ரெண்டு கார்டு வெச்சுக்கறது நல்லதுங்க.

படகு ஏறி அந்தப் பக்கம் இறங்கினோம். அவங்க ரெண்டு பேரும் எல்சாவைப் பார்க்கப் போக, நானும் அம்மாவும் சிந்துபாத்.

எங்களுக்கு முன்னாடி பத்துப் பதினஞ்சு பேர்தான். படகுல ஏற ஒரு எட்டு இறங்கணும், அங்க இருந்த பொண்ணு அம்மா முழங்காலைப் பார்த்துட்டு ரெண்டு கையையும் நீட்டுச்சு. உள்ள இருட்டு. பாட்டு ஆரம்பிச்சது. அம்மா ஒண்ணும் பேசல. அந்தப் பெரிய பறவை வந்தப்போதான் என் கையைப் பிடிச்சாங்க. அப்புறம் ஒரு ராட்சசன், கூரை வரைக்கும் உட்கார்ந்திருக்கான், கண்ணு அசையுது, விரல் அசையுது. குரங்குக் கூட்டம், திமிங்கிலம், அது முதுகு மேல சிந்துபாத். அம்மா கை நடுங்கிட்டே இருந்துச்சு. பயம்னு நெனச்சுத் திரும்பிப் பார்த்தா கண்ணு ரெண்டும் தளும்பி நிக்குது. இறங்கினதும் கேட்ட முதல் கேள்வி, "லைலாவைக் காணோமே?"

இங்க இருக்கற கதையில லைலா இல்லைம்மான்னேன். "இருக்கணும். நாம சரியா பார்க்கலியா இருக்கும், இன்னொருக்கா போலாம்"னாங்க. போனோம். மூணாவது தடவை பொண்ணும் அவரும் வந்து சேர்ந்த பிறகு நாலு பேரா போனோம். அம்மா பேத்தி காதுல, டீக்கடை, தாத்தா, தந்தி எல்லாத்தையும் சொல்லிட்டே வந்தாங்க. வீட்டுக்காரர் முன் சீட்டுல உட்கார்ந்து திரும்பிப் பார்த்துட்டே இருந்தார்.

மத்தியானம் வெளிய வந்து தயிர்சாதம். மயிலைம்மா, நீங்க சொன்ன அரிசி விசயம் அவ்வளவும் உண்மை. மாவடு எண்ணெய் டப்பா மூடியில கசிஞ்சு கடல் காத்துல அந்த எடமே மணந்துச்சு. பக்கத்து மேஜைக் குழந்தை எட்டி எட்டிப் பார்த்துட்டே இருந்துச்சு. சாப்பிட்டதும் அம்மா தானாவே சக்கர நாற்காலில உட்கார்ந்தாங்க. யாரும் ஒண்ணும் சொல்லல, பொண்ணு தள்ள ஆரம்பிச்சுட்டா.

பொண்ணு 113 செ.மீ.தான். இண்டியானா ஜோன்ஸ் வாசல்ல அளந்து பார்த்துட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க, கொஞ்ச நேரம் அழுதா. ராஜா தம்பி முன்னாடியே சொன்னதால எங்களுக்கு அது அதிர்ச்சியா இல்லை. மொத்தம் ஏறினது ஆறு ரைடுதான்.

ராத்திரி துறைமுகக் காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே சனம் பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு உட்கார்ந்திருந்துச்சு. காத்து சில்லுனு அடிக்குது. அம்மா சால்வையை இழுத்து இழுத்துப் போர்த்தறதைப் பார்த்துட்டு, பக்கத்துல இருந்த ஜப்பான் பாட்டி ஒருத்தர் சின்னப் பொட்டலம் ஒண்ணைப் பிரிச்சு, உள்ளங்கையில தேய்ச்சு, அம்மா கையில வெச்சு மூடினாங்க. சூடு! கைரோன்னு பேராம். அம்மா பைக்குள்ள தேடி எள்ளுருண்டை ரெண்டு எடுத்துக் கொடுத்தாங்க. அவங்க ஜப்பான்ல பேசறாங்க, அம்மா தமிழ்ல பேசறாங்க. காட்சி முடியற வரைக்கும் ரெண்டு பேரும் பேசிட்டேதான் இருந்தாங்க.

ஈழத்துப் பறவை | ஞாயிறு, இரவு 7:10

அக்கா, வாசிக்க வாசிக்க அப்பாவுக்கும் சொல்லிக்கொண்டிருந்தன். "அந்த அம்மாவை அடுத்த முறை செரண்டிப்புக்கு வரச்சொல்லு" எண்டு சொல்லச் சொன்னார்.

ரைடு ராஜா | ஞாயிறு, இரவு 9:45

அக்கா, ரொம்ப சந்தோசம். நான் மூணு தடவை போயும் சிந்துபாத்ல ஏறினதில்லை, வாசலைத் தாண்டி ஓடிட்டே இருந்திருக்கேன். ஒண்ணு கேட்கணும். எங்கம்மாவுக்கு 61, இடுப்புல ஆபரேஷன் ஆகியிருக்கு. அந்தப் படகுல ஏறி இறங்கறது அவங்களுக்கு முடியுமா? ஏப்ரல்ல டிக்கெட் விலை பார்த்துட்டிருக்கேன்.

பொள்ளாச்சி தேவி | ஞாயிறு, இரவு 10:20

தம்பி, ஒரு படி அளவுக்குக் காலைத் தாழ்த்தி வெக்கணும், சீட்டும் கொஞ்சம் தாழ்வு. இடுப்பு ஆபரேஷன்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. ஏப்ரல்ல போனா முதல் வாரம் வேண்டாம், பள்ளிக்கூட லீவும் பூ பூக்கற கூட்டமும் சேர்ந்து வரும்னு அங்க இருந்தவங்க சொன்னாங்க. ரெண்டாவது வாரத்துக்கு மேல செவ்வாய், புதனாப் பாருங்க. எரிமலைக்கு நேரா கரையில பெஞ்சு போட்டிருக்கு, காலையில நல்ல வெயில் விழும். அம்மாவை அங்க உட்கார வெச்சுட்டு நீங்க முதல் ரைடுக்கு ஓடலாம். அதுக்கப்புறம் படகு.